வில்லனின் கை எந்த ஆலையில் போனது?

திருச்செங்கோட்டுக்கு அருகே அருந்ததியர் குடியிருப்பு ஒன்றில் நாங்கள் நடத்தும் மாலைநேரப் படிப்பகத்துக்கு ஒரு கோடை விடுமுறையில் வண்ணம் தீட்டும் புத்தகங்கள் ஒரு கட்டு நன்கொடையாக வந்தன. பேருந்து நிலையக் கடைகளில் கொக்கியில் தொங்குமே, அந்த வகை. மலிவான தாள், அட்டையில் பறக்கும் நாயகன், உள்ளே வெறும் கோட்டோவியங்கள். ஒரு பக்கத்தில் பாதி மனிதனும் பாதி இயந்திரமுமான வில்லன் நின்றிருந்தான். ஒரு கண் இருக்க வேண்டிய இடத்தில் விளக்கு. வலது முழங்கைக்குக் கீழே இரும்பு இடுக்கி. நான்காம் வகுப்புச் சிறுவன் ஒருவன் அந்தப் பக்கத்தைத் தூக்கிக்கொண்டு வந்து எங்களிடம் கேட்டான்: “இவனுக்குக் கை எந்த மில்லுல போச்சு?”

நாங்கள் சிரித்துவிட்டோம். சிரித்திருக்கக் கூடாது. அவனுடைய தந்தையின் வலது கையில் நான்கு விரல்கள் இல்லை. வெல்ல ஆலைக் கொட்டகையில் கரும்பு ஊட்டும்போது உருளைக்குள் போய்விட்டன. அச்சிறுவனுக்குத் தெரிந்த உலகில் கை இல்லாதவர் என்றால் ஏதோ ஓர் இயந்திரத்தில் வேலை பார்த்தவர். அந்த இயந்திரத்துக்கு ஓர் உரிமையாளர் இருப்பார். ஆகவே வில்லனைக் கண்டதும் அவன் அஞ்சவில்லை. விலாசம் விசாரித்தான்.

சட்டம் படித்த நமக்குத் தோன்றாத கேள்வி அது. குழந்தைகளுக்கான சாகசக் கதைகளில் வரும் பாதி இயந்திர வில்லன்களைப் பற்றி நாம் எழுத முனைந்ததற்கு அதுவே காரணம்.

தமிழ்க் குழந்தைகளுக்கு இந்த வகை உடலை அறிமுகப்படுத்தியவர் இரும்புக்கை மாயாவி. சிவகாசியிலிருந்து 1972இல் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் வெளியீடே அவர்தான். நம்மில் முப்பதைக் கடந்தவர்கள் அண்ணன்மாரின் பழைய பிரதிகளில் அவரை நாயகனாகவே அறிந்தோம். ஆனால் பிரிட்டனில் 1962 அக்டோபரில் ‘வேலியண்ட்’ இதழில் இக்கதை தொடங்கியபோது லூயிஸ் கிராண்டல் நாயகன் அல்லர். எழுதியவர் கென் பல்மர், வரைந்தவர் ஸ்பெயின் ஓவியர் ஜெசுஸ் பிளாஸ்கோ. கிராண்டல் ஒரு பேராசிரியரின் ஆய்வகத்தில் உதவியாளர். முன்பு நேர்ந்த விபத்தில் வலது கையை இழந்து எஃகுக் கை பொருத்தப்பட்டவர். இன்னொரு விபத்தில் மின்சாரம் பாய, உடல் முழுவதும் மறைந்து எஃகுக் கை மட்டும் வெளியே தெரிகிறது. உடனே அவர் கொள்ளையில் இறங்குகிறார். உளவுத்துறையில் சேர்ந்து நல்லவராவது பிற்பாடுதான்.

ஒரே பணியிடத்தில் இரண்டு விபத்துகள். பாதிக்கப்பட்டவர் சம்பளத்துக்கு வேலை செய்யும் உதவியாளர். எங்கள் அலுவலகத்துக்கு இப்படி ஒருவர் வந்தால் முதலில் கேட்பது, நிர்வாகம் யார், காப்பீடு உண்டா, விபத்துப் பதிவேட்டில் ஏறியதா என்பதைத்தான். கதையோ இவற்றில் ஒன்றையும் கேட்காமல், கை போனவன் குணமும் போனவன் என்று நகர்ந்துவிடுகிறது. உடல் மறைந்து கை மட்டும் தெரியும் மனிதன் என்னும் கற்பனையில், எழுதியவர்கள் நினைத்திராத உண்மை ஒன்றும் இருக்கிறது. வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்தில் நம் மக்கள் கையாக மட்டுமே தென்படுகிறார்கள். “கை குறையுது, ரெண்டு ஆளு அனுப்பு” என்று தரகருக்குத் தொலைபேசி வரும்போது குறைவது யாருடைய கை என்று எவரும் கேட்பதில்லை.

அமெரிக்கக் கதைகளிலும் இதே அச்சுதான். ‘சைபோர்க்’ என்னும் சொல்லை 1960இல் மான்ஃப்ரெட் கிளைன்ஸ், நேதன் கிளைன் என்னும் இரு அறிவியலாளர்கள் விண்வெளிப் பயணம் குறித்த கட்டுரைக்காக உருவாக்கினார்கள். 1963இல் ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் ஸ்பைடர்மேன் கதையில் டாக்டர் ஆக்டோபஸைக் கொண்டுவந்தார்கள். ஆய்வக விபத்தில் நான்கு இயந்திரக் கைகள் உடலோடு ஒட்டிக்கொள்ள, மூளையும் பாதிக்கப்பட்டு அவர் கொடியவராகிறார். 2004இல் வந்த திரைப்படத்தில் அந்தப் பரிசோதனைக்குப் பணம் தருவது ஆஸ்கார்ப் என்னும் நிறுவனம். நகரின் நடுவே, மக்கள் கூடியிருக்க நடந்த பரிசோதனை அது. ஆபத்தான தொழிலை நடத்துபவர் தம் தவறு இருந்தாலும் இல்லாவிட்டாலும் இழப்புக்கு முழுப் பொறுப்பு என்று டில்லி ஓலியம் வாயுக் கசிவு வழக்கில் 1986 டிசம்பரில் நம் உச்ச நீதிமன்றம் சொன்னதை ஆஸ்கார்ப்புக்குப் பொருத்திப் பார்த்தால் படம் அரைமணி நேரத்தில் முடிந்துவிடும். பொருத்தாததால் பழி முழுவதும் காயம்பட்டவர் தலையில் விழுகிறது. இதற்கும் முன்னால், 1904இல் மேடையேறிய ‘பீட்டர் பேன்’ நாடகத்தின் கொக்கிக் கைக் கொள்ளைக்காரன் முதல், 1977இல் திரைக்கு வந்த டார்த் வேடர் வரை, இழந்த உறுப்பும் பொருத்திய உலோகமும் தீமையின் முத்திரையாக வந்துகொண்டே இருக்கின்றன.

கதையில்தானே என்று விட்டுவிடலாம். ஆனால் காயம்பட்டவனையே குற்றவாளியாக்கும் அதே அச்சு நம் வட்டாரத்து வழக்கு மன்றங்களிலும் வார்க்கப்படுகிறது.

சேலம், நாமக்கல் சமவெளியில் கைகள் எங்கெங்கே போகின்றன என்பதை ஊர் ஊராகச் சொல்ல முடியும். பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறிக் கூடங்களில் பட்டையும் பல்சக்கரமும். ஆத்தூர், ராசிபுரம் பக்கத்துச் சேகோ ஆலைகளில் மரவள்ளிக்கிழங்கை அரைக்கும் இயந்திரம். திருச்செங்கோட்டிலிருந்து நாடெங்கும் செல்லும் ரிக் வண்டிகளில், ஒன்றோடொன்று பூட்டப்படும் இரும்பு ராடுகளின் நடுவே விரல் சிக்குவது. நாமக்கல்லில் கோழித்தீவன அரவை, லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறைகள். பரமத்தி வேலூர், ஜேடர்பாளையம் பகுதியில் வெல்ல ஆலைக் கொட்டகைகள். உருளை சுழன்றுகொண்டிருக்க, கரும்பை வெறுங்கையால் தள்ள வேண்டும். விடியலுக்கு முன்பே வேலை தொடங்கிவிடும். தூக்கக் கலக்கத்தில் ஒரு நொடி போதும். இயந்திரத்தின் வாயருகே நிற்பவர் யார், கணக்குப் புத்தகத்தருகே அமர்ந்திருப்பவர் யார் என்பதைச் சாதி தெரிந்த எவரும் நேரில் கண்டுகொள்ளலாம். நிற்பவர் பெரும்பாலும் முன்பணம் வாங்கியவர். விரல் போனாலும் முன்பணம் போகாது.

சுழலும் உறுப்புகளுக்கு வேலியிட வேண்டும் என்றது 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 21ஆம் பிரிவு. ஆனால் மின்விசையோடு பத்துப் பேர் வேலை செய்தால்தான் அது தொழிற்சாலையாகக் கருதப்பட்டது. ஆறு பேர், எட்டுப் பேர் என்று இயங்கும் கொட்டகைகள் வெளியே நின்றுவிடுகின்றன. 2025 நவம்பரில் நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்ட தொழிலாளர் சட்டத் தொகுப்புகளோ தொழிற்சாலைக்கான எண்ணிக்கையை இருபதாக உயர்த்திவிட்டன. ஆனால் ஒன்றை நம் தோழர்கள் பலர் அறிவதில்லை. ஊழியர் இழப்பீட்டுச் சட்டம், 1923, மின்விசையில் உற்பத்தி நடக்கும் இடத்துக்கு இத்தனை பேர் என்று எல்லை வைக்கவில்லை. இருவர் மட்டும் வேலை செய்யும் கொட்டகையிலும் அது பொருந்தியது. (ஈ.எஸ்.ஐ. உள்ளவர்கள் அந்த வழியில்தான் கேட்க வேண்டும். நாம் பேசும் கொட்டகைகளில் ஈ.எஸ்.ஐ. அட்டையைக் கண்டவர் அரிது.)

அந்தச் சட்டத்தின் 3ஆம் பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது. தொழிலாளி குடித்திருந்தாலோ, பாதுகாப்புக்காகத் தெளிவாக இடப்பட்ட கட்டளையை வேண்டுமென்றே மீறினாலோ, பாதுகாப்பு மூடியை வேண்டுமென்றே அகற்றினாலோ முதலாளிக்குப் பொறுப்பில்லை. மரணத்துக்கும் முழு நிரந்தர ஊனத்துக்கும் இந்த விலக்கு செல்லாது. விரல் போவது பகுதி ஊனம் ஆகையால் அங்கே செல்லும். எதிர்மனுவில் எப்போதும் வரும் வாசகம் இதனால்தான்: மனுதாரர் மதுபோதையில் இருந்தார், தானாகவே மூடியைக் கழற்றினார். மூடியே இல்லாத இயந்திரத்திலும் இவ்வாசகம் வரும். ஆய்வகத்தில் பேராசைப்பட்டதால் அழிந்தான் என்று கதை சொல்வதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? குடிகாரன், சொன்ன பேச்சுக் கேளாதவன் என்ற பெயர் நம் மக்களுக்கு ஏற்கெனவே சாதியால் சூட்டப்பட்டிருப்பதால், எதிர்மனு எழுதுபவருக்கு வேலை எளிதாகிவிடுகிறது.

அச்சட்டத்தின் முதல் அட்டவணை மனித உடலுக்குப் போட்ட விலைப்பட்டியல் போலத் தோன்றும். ஒரு கை போனால் வருமானத் திறன் இழப்பு 60 விழுக்காடு. ஒரு கையில் நான்கு விரல்கள் போனால் 50. கட்டைவிரல் போனால் 30. இரண்டு விரல்கள் என்றால் 20. கணக்கு இப்படிச் செல்லும்: மாத ஊதியத்தில் 60 விழுக்காட்டை வயதுக்குரிய காரணியால் பெருக்க வேண்டும். 2020 ஜனவரி முதல் ஊதியத்தின் உச்ச வரம்பு 15,000 ரூபாய். முப்பது வயதுக்குக் காரணி 207.98. 9,000 ரூபாயை அதனால் பெருக்கினால் 18,71,820 ரூபாய். நான்கு விரல்களுக்கு அதில் பாதி, அதாவது 9,35,910. கட்டைவிரலுக்கு 5,61,546. ஆலை வாசலில் ‘ஆஸ்பத்திரிச் செலவு பாத்துக்கறோம், கேஸு எதுக்கு’ என்று கையில் திணிக்கப்படும் பத்தாயிரத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு மாதத்துக்குள் தராவிட்டால் ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டி உண்டு. நியாயமான காரணமின்றித் தாமதித்தால் 50 விழுக்காடு வரை தண்டத் தொகையும் உண்டு.

அட்டவணையே இறுதி எல்லை என்று எண்ணிவிடவும் வேண்டாம். 1968இல் ஒடிசாவில் திரையரங்க அலங்கார வேலையின்போது விழுந்து இடது கையை முழங்கைக்கு மேல் இழந்த தச்சர் ஒருவரின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. பிரதாப் நாராயண் சிங் தேவ் எதிர் ஸ்ரீநிவாஸ் சபதா என்னும் அந்த வழக்கில், ஒரு கையை மட்டும் வைத்துக்கொண்டு தச்சு வேலை செய்ய இயலாது, எனவே இழப்பு 100 விழுக்காடு என்று நீதிமன்றம் ஏற்றது. உடலில் என்ன எஞ்சியிருக்கிறது என்று எண்ணாமல், அந்த மனிதர் செய்துவந்த தொழில் என்னவாயிற்று என்று அது பார்த்தது.

கட்டைவிரல் என்றதும் நமக்கு ஏகலைவன் நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. நடுவிரல் இன்றி வில் பிடித்துவிடலாம். கட்டைவிரல் இன்றி நாணை இழுப்பது கடினம் என்று துரோணருக்குத் தெரியும். அட்டவணை வகுத்தவர்களுக்கும் தெரிந்திருந்ததால்தான் அதற்குத் தனியே 30. ஏகலைவனுக்கு யாரும் இரும்பு விரல் பொருத்தவில்லை. அவன் பழிவாங்கப் புறப்பட்டதாகக் கதை சொல்லியிருந்தால் இன்று அவனும் வண்ணப் புத்தகத்தில் வில்லனாக நின்றிருப்பான்.

இன்றைய ஏகலைவர்களுக்கு இன்னொரு தொல்லை. முன்பணப் பத்திரத்தில் பதிந்த விரல் இப்போது இல்லை. நியாயவிலைக் கடையின் கருவியோ அதே விரலைக் கேட்கிறது.

கதையில் இரும்புக் கை விபத்து முடிந்த கையோடு கிடைத்துவிடுகிறது, ஆற்றலோடும் ஆயுதத்தோடும். செயற்கை உறுப்புகளுக்காக ஒன்றிய அரசு கான்பூரில் அலிம்கோ நிறுவனத்தைத் தொடங்கியது 1972இல், மாயாவி தமிழுக்கு வந்த அதே ஆண்டில். ஆனால் தசையின் அசைவை உணர்ந்து இயங்கும் மின்கைகள் இன்றும் பல லட்சம் ரூபாய். எங்கள் ஊர்களில் நாங்கள் கண்டவை பெரும்பாலும் அசையாத கைகள். முழுக்கைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு திருமணத்துக்குப் போய்வருவதற்கு மட்டும் உதவுபவை. அவற்றின் நிறம் வெளிறிய இளஞ்சிவப்பு. எங்கள் மக்களில் எவருடைய தோலும் அந்த நிறத்தில் இல்லை.

அந்த நிறம் மெழுகு வண்ணப் பெட்டியிலும் இருக்கிறது. ‘ஸ்கின்’ என்று பெயர் அச்சிட்ட குச்சி. அமெரிக்காவில் கிரேயோலா நிறுவனம் தன் ‘சதை நிறம்’ என்னும் பெயரை 1962இலேயே ‘பீச்’ என மாற்றிவிட்டது. எங்கள் படிப்பகத்துக்கு வந்த பெட்டியில் பழைய வழக்கமே இருந்தது. பிள்ளைகள் நாயகன் முகத்துக்கு அக்குச்சியைத் தேடினார்கள். வில்லனின் மனிதப் பாதிக்குப் பழுப்பு, இயந்திரப் பாதிக்குக் கறுப்பு. யாரும் சொல்லித்தரவில்லை. 1967 முதல் வந்த அமர் சித்திரக் கதை நூல்களில் தேவர்கள் வெளிறியும் அசுரர்கள் கறுத்தும் பருத்தும் வரையப்பட்டதைப் பலர் விமர்சித்திருக்கிறார்கள். அசுரன் என்று யாரைச் சொன்னார்கள் என்பதை 1873இல் ‘குலாம்கிரி’ எழுதிய ஜோதிராவ் பூலே நூறாண்டுக்கு முன்பே கேட்டுவிட்டார். பழைய கதை தோலிலும் பல்லிலும் வைத்த அடையாளத்தைப் புதிய கதை எஃகில் வைக்கிறது. குழந்தை வண்ணக் குச்சியை எடுக்கும் முன்பே கோட்டோவியம் தீர்ப்பை எழுதிவிட்டது.

தமிழும் இதில் தூய்மையானதன்று. கொம்புத்தேனுக்கு ஆசைப்பட்ட முடவன் என்று பழமொழி சொல்லிச் சிரிப்பவர்கள் நம் மேடைகளிலும் உண்டு, தலித் மேடைகள் உட்பட. வசவுச் சொற்களில் சாதியும் ஊனமும் ஒரே வாயில் சேர்ந்து வருவதைக் காவல் நிலைய வாசலில் கேட்டிருக்கிறோம். சட்டமும் இரண்டையும் ஒரே அளவுகோலால் அளந்திருக்கிறது. பட்டியல் சாதியினரைப் பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் இழிவுபடுத்தும் நோக்கோடு அவமதிப்பதற்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 3(1)(r) பிரிவின்கீழ் ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. மாற்றுத்திறனாளி ஒருவரை அவ்வாறு அவமதிப்பதற்கு 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 92ஆம் பிரிவிலும் அதே தண்டனை. இரண்டிலும் பாதிக்கப்பட்டவரான ஒருவர் தம் வழக்கில் 92ஐயும் சேர்க்குமாறு வற்புறுத்த வேண்டும். முதல் தகவல் அறிக்கையில் அது விடுபட்டுப்போவதே வழக்கம்.

வண்ணப் புத்தகத்தின் மீது 92 பாயுமா? பாயாது. குறிப்பிட்ட ஒருவரை, இழிவுபடுத்தும் நோக்கத்தோடு என்னும் கூறுகள் அங்கே இல்லை. தடை கேட்பது நம் நோக்கமும் அன்று. நூல்களைத் தடை செய்யும் அதிகாரம் வலுத்தால் முதலில் அடிபடுவது யாருடைய நூல்கள் என்று நமக்குத் தெரியும். ஆயினும் 2024 ஜூலையில் நிபுண் மல்ஹோத்ரா வழக்கில், ஒரு இந்தித் திரைப்படம் தொடர்பாக, உச்ச நீதிமன்றம் காட்சி ஊடகங்களுக்குச் சில நெறிகளை வகுத்தது. மாற்றுத்திறனாளிகளைப் பற்றிய படைப்பில் அவர்களையே கலந்துகொள்ள வேண்டும், தடையாக நிற்கும் சமூகத்தை மறைத்துவிட்டு உடற்குறையை மட்டும் காட்டலாகாது, ஊனத்தைப் புரியவைக்கும் நகைச்சுவைக்கும் ஊனத்தை இழிவுபடுத்தும் நகைச்சுவைக்கும் வேறுபாடு உண்டு என்பன அவற்றின் சாரம். அத்தீர்ப்பு குழந்தை நூல்களைப் பேசவில்லை. பதிப்பாளர்களிடமும் பள்ளி நூலகங்களிடமும் நாம் எடுத்துப் பேசுவதற்கு அது போதுமான பிடி.

வேறு வகையில் சொல்ல முடியும் என்பதற்கு அக்கதைகளுக்குள்ளேயே சான்று உண்டு. 1966இல் ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ இதழில் பிளாக் பேந்தரின் எதிரியாக வரும் கிளா, ஆப்பிரிக்க நாடொன்றின் கனிமத்தைக் கொள்ளையிட வந்து அரசனைக் கொன்றவன். அவன் கையை அழிப்பது அரசனின் இளம் மகன். இங்கே கை போன காரணம் கதைக்குள் தெளிவாக இருக்கிறது; கொள்ளைக்காரன் கொள்ளைக்காரனாகவே காட்டப்படுகிறான். இயந்திரக் கை அவனைக் கெட்டவனாக்கவில்லை. 1980இல் வந்த சைபோர்க் என்னும் விக்டர் ஸ்டோன் தந்தையின் ஆய்வகத்தில் உடல் சிதைந்த கறுப்பின இளைஞன், அவன் நாயகன். தந்தை மீது அவன் கொள்ளும் கோபத்தைக் கதை மறைக்கவில்லை என்பது நமக்குப் பிடித்திருக்கிறது.

எல்லாவற்றிலும் சிறந்த பாடம் நம் நாட்டிலேயே வரையப்பட்டது. அம்பேத்கரின் வாழ்வைச் சொல்லும் ‘பீமாயணம்’ நவயானா வெளியீடாக 2011இல் வந்தது. வரைந்தவர்கள் பர்தான் கோண்டு ஓவியர்களான துர்காபாய் வியாமும் சுபாஷ் வியாமும். அதில் சாதி நஞ்சைக் கக்குபவர்களின் பேச்சுக்குமிழிக்குத் தேள்கொடுக்கு வால். பாதிக்கப்பட்டவர்களின் பேச்சு பறவை வடிவில். தண்ணீர் தர மறுப்பவனுக்குக் கோரைப்பல் இல்லை, கொக்கிக் கை இல்லை. அவன் உடல் எல்லோருடைய உடலையும் போன்றது. அவன் சொன்ன சொல்லில்தான் கொடுக்கு இருக்கிறது. குழந்தைக்கு அது உடனே புரிகிறது. படிப்பகத்தில் காட்டிப் பார்த்தோம். “இந்த ஆளு பேச்சு கொட்டும்” என்று ஒரு சிறுமி சொன்னாள்.

அதன்பின் வண்ணப் புத்தகங்களை நாங்கள் தூக்கி எறியவில்லை. ஒவ்வொரு வில்லன் பக்கத்துக்கும் முன்னால் ஒரு வெள்ளைத்தாளை ஒட்டி, இதற்கு முந்தைய நாள் என்ன நடந்தது என்று வரையச் சொன்னோம். பெரும்பாலானவை தறிக்கூடங்கள். ஒன்றில் ரிக் வண்டி, பின்னால் தென்னை மரம். ஒரு பிள்ளை ஆலைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, அதில் கைப்பேசியோடு ஒருவரை உட்காரவைத்து, அவருக்கு அந்த ‘ஸ்கின்’ குச்சியால் வண்ணம் தீட்டியிருந்தது. நாங்கள் எதுவும் கேட்கவில்லை.

கேள்வி கேட்ட சிறுவனின் தந்தையை அன்றிரவே சந்தித்தோம். விபத்து நடந்து இருபத்தொரு மாதங்கள் ஆகியிருந்தன. இழப்பீட்டு மனுவுக்கு வரம்பு இரண்டு ஆண்டுகள். தாமதத்தை மன்னிக்கும் அதிகாரம் ஆணையருக்கு உண்டு என்றாலும் அதை நம்பியிருக்க முடியாது. அவரிடம் ஊதியச் சீட்டு இல்லை, வருகைப் பதிவு இல்லை. அரசு மருத்துவமனையின் விபத்துப் பதிவு நகல் ஒன்று சாமி படத்துக்குப் பின்னால் மடித்து வைக்கப்பட்டிருந்தது. அதில் ‘கரும்பு ஆலையில் சிக்கி’ என்று மருத்துவர் எழுதியிருந்தார். விபத்து நடந்த நாளில் நடைமுறையில் இருந்தது 1923ஆம் ஆண்டுச் சட்டம் என்பதால் அதன்கீழ் சேலத்தில் மனுவைத் தாக்கல் செய்தோம். எதிர்மனு வந்துவிட்டது: மனுதாரர் மதுபோதையில் இருந்தார், மூடியைத் தானாகவே கழற்றினார். அந்த உருளைக்கு மூடி இருந்ததா என்பதற்கான சாட்சி விசாரணை அடுத்த வாய்தாவில் தொடங்குகிறது.